பந்தும் பிரசங்கமும்: கேள்வி – பதில்

பரீட்சை முடிந்த கையோடு சம்மர் கேம்ப் நோட்டீஸ்கள் மின்கம்பம் ஏறிவிட்டன. அவற்றில் ஒன்று புனே கசார்வாடித் தமிழ் வீடுகளில் பெரிய பேச்சாகிவிட்டது என்று தபால் பையைப் பார்த்தாலே தெரிகிறது. ஆகவே இந்த வாரம் அரசியலுக்கும் சினிமாவுக்கும் லீவு.

எங்கள் காலனிக்குப் பக்கத்து கிரவுண்டில் இலவச ஃபுட்பால் கேம்ப். பனியன், பிஸ்கட், பால் எல்லாம் தருகிறார்கள். நடுவில் அரை மணி நேரம் இயேசு கதை. நாங்கள் முருக பக்தர்கள். பையனை அனுப்பலாமா ஐயா?
*– ஒரு தாய், கசார்வாடி*

முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரே ஒரு பழத்துக்காக உலகத்தைச் சுற்றி ஓடியவர்; அண்ணன் அம்மா அப்பாவைச் சுற்றிவந்து ஷார்ட்கட்டில் ஜெயித்துவிட்டார். அந்தக் கதையை உங்கள் பையன் இடைவேளையில் அங்கே சொல்லட்டும், கேட்கிறார்களா பார்க்கலாம்.

வேடிக்கை போகட்டும். முதலில் நோட்டீஸை எடுத்துப் படியுங்கள். கதை நேரம் உண்டு என்று அதிலேயே அச்சடித்திருந்தால் நேர்மையான ஆட்கள். பனியன் கொடுத்து மூன்றாம் நாள்தான் கதை வெளியே வந்தது என்றால் யோசிக்க வேண்டும். பிறகு ஒருநாள் காலை ஆறரைக்கு நீங்களே போய் கோட்டுக்கு வெளியே நில்லுங்கள். கோச், பையன்களின் பாதத்தைப் பிடித்துத் திருப்பி, உள்பக்கத்தால் பாஸ் பண்ணச் சொல்லித்தருகிறாரா? முழங்கால் சிராய்த்த பையனுக்கு முதலுதவிப் பெட்டி வருகிறதா? கதைக்கு உட்காராமல் ஓரமாக நின்ற பையனுக்கு அடுத்த பாதியில் இடம் கிடைக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அனுப்புங்கள். விசில் ஊதவே தெரியாதவர் மைக்கை மட்டும் கெட்டியாகப் பிடித்திருந்தால், பையனுக்கு வீட்டு வாசலில் ஆட ஒரு பந்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

விளையாட்டைக் காட்டி மதம் பரப்பும் வேலையை யார் ஆரம்பித்தது?
*– ஓய்வுபெற்ற டெல்கோ ஊழியர், பிம்ப்ரி*

விளையாட்டைக் காட்டிப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு எனக்குப் பிடித்த ஆள் இத்தாலியின் டான் போஸ்கோ. 1815இல் பிறந்த குடியானவர் வீட்டுப் பிள்ளை. சர்க்கஸ்காரர்களைப் பார்த்துக் கயிற்றில் நடக்கவும் குட்டிக்கரணம் போடவும் கற்றுக்கொண்டு, வித்தை பார்க்க வந்த கூட்டத்தை முதலில் ஜெபம் பண்ணவைத்தார், அன்றைய பூசையில் கேட்ட பிரசங்கத்தையும் ஒப்பித்தார். டிக்கெட் கட்டணம் பணமாக இல்லை, அவ்வளவுதான். பின்னாளில் அவர் ஆரம்பித்த சலேசியன் சபை 1906இல் இந்தியாவில் முதலில் காலடி வைத்தது நம்ம தஞ்சாவூரில்.

ஆனால் இதை ஒரு கொள்கையாகவே ஆக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து. நல்ல கிறிஸ்தவனுக்கு நல்ல புஜமும் வேண்டும் என்ற கட்சி 1850களில் அங்கே பலத்தது. தொழிற்சாலை ஊர்களில் ஞாயிறு பள்ளிகளும் சபைகளும் சாராயக்கடைக்குப் போட்டியாகப் பந்தைக் கையில் எடுத்தன. ஆஸ்டன் வில்லா 1874இல் ஒரு மெதடிஸ்ட் சபை இளைஞர்கள் ஆரம்பித்தது. எவர்டனும் ஒரு மெதடிஸ்ட் சபையின் பிள்ளைதான். மான்செஸ்டர் சிட்டிக்கும் சவுதாம்ப்டனுக்கும் மூலம் ஆங்கிலிக்கன் கோயில்கள். கிளாஸ்கோவின் செல்டிக்கை 1887இல் ஆரம்பித்தவர் வால்ஃப்ரிட் என்ற கத்தோலிக்கத் துறவி. ஏழைப் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவுக்குப் பணம் திரட்டத்தான் அந்த கிளப்.

இன்றைக்கு அந்த அணிகளின் ரசிகர்களில் எத்தனை பேர் ஞாயிற்றுக்கிழமை கோயில் படி ஏறுகிறார்கள் என்று கேட்காதீர்கள். பிள்ளையைத் தூக்கிவந்த தாயை விட்டுவிட்டுப் பிள்ளை மட்டும் பங்களா கட்டிவிட்டது.

பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்தது ஒரு பாதிரியார் என்று என் மகள் சொல்கிறாள். உண்மையா?
*– இல்லத்தரசி, சிஞ்ச்வட்*

கிட்டத்தட்ட. ஜேம்ஸ் நெய்ஸ்மித் கனடாக்காரர், இறையியல் படித்தவர். மான்ட்ரியாலில் படிக்கும்போதே ரக்பி ஆடினார். அவர் ஆத்துமாவுக்காகச் சக மாணவர்கள் கூடி ஜெபித்தார்களாம். மேடையை விட மைதானத்தில் நிறையப் பிள்ளைகளைத் தொட முடியும் என்று அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டிலுள்ள ஒய்.எம்.சி.ஏ. (இளைஞர் கிறிஸ்தவ சங்கம்) பயிற்சிப் பள்ளிக்குப் போனார். 1891 டிசம்பர். வெளியே பனி, உள்ளே ஜிம்னாஸ்டிக்ஸில் சலித்துப்போன முரட்டு மாணவர்கள். பதினான்கு நாளில் ஒரு புது ஆட்டம் வேண்டும் என்றார் தலைவர். பத்தடி உயரத்து மாடத்தில் இரண்டு பீச் பழக்கூடைகளை ஆணியடித்து, பதின்மூன்று விதிகளைத் தட்டச்சு செய்து ஒட்டினார். கூடைக்கு அடியில் ஓட்டை இல்லாததால் ஒவ்வொரு கோலுக்கும் ஒரு ஆள் ஏணி ஏறிப் பந்தை எடுக்க வேண்டியிருந்தது. முதல் ஆட்டத்தில் அந்தக் கஷ்டம் ஒரே ஒரு தடவைதான் வந்தது, ஸ்கோர் 1–0.

வாலிபாலும் அந்த வீட்டுச் சரக்குதான்: 1895, ஹோலியோக் ஒய்.எம்.சி.ஏ., வில்லியம் மார்கன். மகளிடம் இதையும் சொல்லுங்கள்: கான்சாஸ் பல்கலைக்கழக பாஸ்கெட்பால் கோச்சுகளில், ஜெயித்ததை விட அதிகம் தோற்றவர் ஒரே ஒருவர். அவர் நெய்ஸ்மித்.

பாட்மின்டன்? அதுவும் மிஷனரி வேலையா? புனேயில்தானே பிறந்தது!
*– ஷட்டில் பிரியர், வாகட்*

இல்லை. 1870களில் இங்கே இருந்த வெள்ளைக்கார ராணுவத்தினர் பொழுது போகாமல் விதி எழுதிய ஆட்டம். ஆண்டவருக்கு அதில் பங்கில்லை.

தமிழ்நாட்டில் பி.டி. வாத்தியார் என்றாலே "ஒய்.எம்.சி.ஏ.வில் படிச்சவர்" என்பார்கள். அந்தப் பெருமைக்கு யார் காரணம்?
*– உடற்கல்வி ஆசிரியை, நிக்டி*

உங்கள் தொழிலின் குலதெய்வத்தைக் கேட்கிறீர்கள். பெயர் ஹாரி குரோ பக். அமெரிக்கர், ஒய்.எம்.சி.ஏ. அனுப்பி வந்தவர். 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி ஆரம்பித்தார். இப்போது நந்தனத்தில் மரங்களோடு பரந்து கிடக்கும் வளாகம் அதன் வீடு. அதுவரை நம்ம பள்ளிகளில் டிரில் மாஸ்டர் என்றால் பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர், தெரிந்தது லெஃப்ட் ரைட். உடம்பைப் பழக்குவதும் ஒரு படிப்பு, அதற்கும் உடற்கூறு தெரிய வேண்டும், விளையாட்டு விதி தெரிய வேண்டும், பிள்ளை மனசு தெரிய வேண்டும் என்று இங்கே பாடத்திட்டமாகச் செய்து காட்டியவர் பக். வெளிநாட்டு ஆட்டங்களை மட்டும் இறக்குமதி செய்யவில்லை. சடுகுடு மாதிரி நம்ம ஊர் ஆட்டங்களுக்கும் பாடத்தில் இடம் கொடுத்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணிக்கு மேலாளரும் அவர்தான். 1943இல் சென்னையிலேயே இறந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் கல்லூரியில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படித்தார்கள். திருநீறு பூசியவர்களும் தொப்பி போட்டவர்களும் ஆசிரியர்களாகி ஊர் ஊராகப் போனார்கள். பெயரில் கிறிஸ்தவம் இருந்தது, சான்றிதழில் உடற்கல்வி இருந்தது. ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலர் நம்ம சேலத்து கே.டி. பால், 1916இலிருந்து. அவர் காலத்தில் அந்த அமைப்பு கிராமத்து விவசாயிக்குக் கடன் சங்கம் வரைக்கும் போனது. பிரசங்கம் செய்து பக் எத்தனை பேரை மாற்றினார் என்று யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. பி.டி. பீரியட் என்ற ஒன்றை நாற்பது நிமிஷம் டைம்டேபிளில் உட்காரவைத்தார்களே, அதைக் கணக்கு வாத்தியார்களால் இன்றைக்கும் முழுசாகக் கடன் வாங்க முடியவில்லை.

ஃபுட்பால் ஆடினால் மோட்சம் கிடைக்குமா?
*– குறும்புக்காரர், போசரி*

கீதை படிப்பதை விட ஃபுட்பால் ஆடினால் சொர்க்கம் கிட்டத்தில் வரும் என்ற பொருளில் 1897இல் சென்னையில் பேசியவர் ஒருவர் உண்டு. மிஷனரி இல்லை. விவேகானந்தர்.

பந்து ஒரு சமூகத்தையே அசைத்தது என்பதற்கு இந்தியாவில் உதாரணம் உண்டா? வெறும் வாய்ப்பந்தலாக இருக்கக்கூடாது.
*– கல்லூரி மாணவர், தாபோடி*

ஸ்ரீநகருக்குப் போவோம். 1890 கடைசியில் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சங்கம்) மிஷன் பள்ளிக்கு வந்துசேர்ந்தார் டிண்டேல் பிஸ்கோ. கேம்பிரிட்ஜ் படகு அணியில் சுக்கான் பிடித்தவர், குள்ளமான ஆள், பிடிவாதம் மட்டும் நெட்டை. மாணவர்களில் பெரும்பாலோர் பண்டிதர் வீட்டுப் பிள்ளைகள். கணுக்கால் வரை தொங்கும் ஃபெரன் அங்கி, அதற்குள்ளே கணப்புச் சட்டி, காலில் மரக்கட்டைச் செருப்பு. ஓடுவது கௌரவக் குறைச்சல். படகுத் துடுப்பு பிடிப்பது படகுக்காரன் வேலை.

1891இல் பம்பாயிலிருந்து ஒரு ஃபுட்பாலோடு வந்து வகுப்பில் காட்டினார். பிள்ளைகள் குதிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். இது எதனால் செய்தது என்றார்கள். தோல் என்றார். தோலைத் தொடமாட்டோம் என்றார்கள். அன்று சாயங்காலம் ஆசிரியர்கள் கையில் கம்போடு வழியெல்லாம் நின்று பிள்ளைகளை மைதானத்துக்கு ஓட்டிப்போனார்கள். வேடிக்கை பார்க்க ஊரே கூடியது. விசில் ஊதியும் யாரும் அசையவில்லை. ஐந்து நிமிஷம் கெடு கொடுத்து, கம்புகள் நெருங்கியதும் ஒருத்தன் உதைத்தான், இன்னொருத்தன் உதைத்தான், செருப்புகளும் தலைப்பாகைகளும் பறந்தன. நடுவில் பந்து ஒரு பையன் முகத்தில் நேராக அடித்தது. முகத்தில் தோல் பட்டுவிட்டது! ஆட்டம் நின்றது, அழுகை. வாய்க்காலில் கொண்டுபோய் முகத்தைக் கழுவிவிடுங்கள் என்றார் பிஸ்கோ. கழுவினார்கள். திரும்பி வந்து ஆடினார்கள்.

கம்பு எடுத்ததை நான் மெச்சமாட்டேன். இன்றைக்கு ஒரு கோச் அப்படி நின்றால் முதல் போன் போலீசுக்கு. ஆனால் அந்தப் பிள்ளைகள் அதற்கப்புறம் டால் ஏரியில் துடுப்புப் போட்டார்கள், நீச்சல் கற்று முங்கியவர்களைக் காப்பாற்றினார்கள், காலரா நாளில் தெருவைச் சுத்தம் செய்தார்கள். உடல் உழைப்பு கீழ் என்ற எண்ணத்துக்கு அடி விழுந்தது அங்கேதான்.

அந்த பிஸ்கோ கடைசியில் எத்தனை பேரைக் கிறிஸ்தவராக்கினார்?
*– அதே மாணவரின் அறைத் தோழர், தாபோடி*

விரல் விட்டு எண்ணலாம். ஏன் ஆள் சேரவில்லை என்று அவரை அனுப்பிய சங்கமே முகம் சுளித்தது. அவர் 1947 வரைக்கும் காஷ்மீரிலேயே இருந்தார். பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. மதம் மாற்றப் பந்து சுமாரான கருவி. ஜாதிப் பழக்கத்தை மாற்ற அதைவிட நல்ல கருவி. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் ஒரு பக்கம் அளவுக்கு மீறி நம்புகிறார்கள், இன்னொரு பக்கம் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள்.

எங்கள் சபை மூப்பர் "விளையாட்டு உலகப்பிரகாரமானது, பிசாசின் கண்ணி" என்கிறார். ஆனால் வி.பி.எஸ்.ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளி) மட்டும் கயிறு இழுக்கும் போட்டி வைக்கிறார். ஒன்றும் புரியவில்லை.
*– வாலிபர் சங்க உறுப்பினர், காலேவாடி*

கயிற்றுக்கு ஒருவேளை ஞானஸ்நானம் ஆகியிருக்கும்.

மூப்பர் தனி ஆள் இல்லை, பெரிய பரம்பரை. ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஜனங்கள் ஆடிப்பாடலாம் என்று 1618இல் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸ் அறிக்கை விட்டபோது பியூரிட்டன்கள் கொதித்துப்போனார்கள். ஆனால் மூப்பரிடம் பணிவாக ஒன்று கேளுங்கள். கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் எடுத்துக்காட்டினாரே, ஏன்? கொரிந்துக்குப் பக்கத்திலேயே இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன. அந்த ஊர்க்காரருக்கு அது பழக்கமான பாஷை. அதற்கு அவர், சரீர முயற்சிக்குப் பிரயோஜனம் கொஞ்சம்தான் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியதும் அதே பவுல்தானே என்று திருப்பி அடிப்பார். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். மூப்பர்களோடு டிரா போதும்.

புனேயில் நல்ல டோர்னமென்ட் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். ஆராதனையும் அப்போதுதான். என்ன செய்ய?
*– வேகப்பந்து வீச்சாளர், கட்கி*

எரிக் லிடெல் கதை தெரியுமே, 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' என்று ஆஸ்கர் வாங்கிய படம். 1924 பாரிஸில் 100 மீட்டர் தகுதி ஓட்டம் ஞாயிறன்று வந்ததால் ஓடமாட்டேன் என்றார். 400 மீட்டரில் ஓடி 47.6 விநாடியில் தங்கம் வாங்கினார். அடுத்த வருஷமே மிஷனரியாக சீனாவுக்குக் கப்பல் ஏறினார். பிரசங்கத்தில் இவ்வளவோடு நிறுத்திவிடுவார்கள். மிச்சம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். உள்ளே ஏகப்பட்ட பிள்ளைகள், ஏராளமான சலிப்பு. ஞாயிறன்று பிள்ளைகள் தாங்களே ஹாக்கி ஆடி மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நடுவர் இல்லாததுதான் காரணம் என்று பார்த்து, ஒலிம்பிக் தங்கத்துக்கே அசையாத மனிதர் அந்த ஞாயிறுகளில் நடுவராக இறங்கிவிட்டார். 1945 பிப்ரவரியில் அங்கேயே மூளைக் கட்டியால் இறந்தார்.

உங்கள் விஷயத்தில்: கட்கியில் சாயங்கால ஆராதனை உள்ள சபை ஒன்றுகூடவா இல்லை?

நான் கன்னியாகுமரி மாவட்டம், முப்பது வருஷமாகக் கசார்வாடி. எங்க ஊர்ப் பக்கம் விளையாட்டும் மிஷனும் சேர்ந்த கதை ஒன்றும் இல்லையா?
*– லேத் பட்டறை உரிமையாளர், கசார்வாடி*

உங்க ஊருக்கு ஒரு எவரெஸ்ட் டாக்டரே இருந்தாரே! தியடோர் ஹோவர்ட் சோமர்வெல். லண்டன் அறுவை மருத்துவர், 1922 எவரெஸ்ட் குழுவில் ஏறியவர். அந்த முறை பனிச்சரிவில் ஏழு சுமைக்காரர்கள் செத்தார்கள். சாகாமல் திரும்பியதற்கு வெட்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். ஊர் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாம் என்று தெற்கே வந்தார். நெய்யூர் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது, அறுவைக்கு ஒரே டாக்டர் தள்ளாடிக்கொண்டிருந்தார். லண்டனில் காத்திருந்த நல்ல உத்தியோகத்தை உதறிவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார். 1924இல் மறுபடி எவரெஸ்ட். 28,000 அடி உயரத்தில் தொண்டைச் சவ்வு உரிந்து அடைத்து மூச்சு நின்று, மார்பைத் தானே அழுத்தி அதைத் துப்பித் தப்பினார். அதே வருஷம் ஷாமனியில் 1922 குழுவுக்கு மலையேற்றத்துக்கான ஒலிம்பிக் பதக்கம் அறிவித்தார்கள். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய ஒருவர் நெய்யூரில் ஓடி ஓடி வயிற்றுப் புண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார் என்பதை நம்ம பாடப்புத்தகங்கள் ஒரு வரி சொல்லியிருக்கலாம். பிறகு வேலூர் சி.எம்.சி.யிலும் கற்பித்தார்.

பாருங்கள்: லிடெல், பக், சோமர்வெல், மூன்று பேருக்கும் 1924. ஒருத்தர் மெடலை வைத்துவிட்டு சீனா போனார், ஒருத்தர் நம்ம பையன்களை பாரிஸ் கூட்டிப்போனார், ஒருத்தர் மலையிலிருந்து இறங்கிக் கத்தியை எடுத்தார்.

இப்போதைய கதையும் உங்க பக்கமே இருக்கிறது. தூத்தூர் கடற்கரைப் பங்குகளில் ஃபுட்பால் இல்லாத திருவிழா உண்டா? இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். வரைக்கும் போனார். அங்கே யாரையும் மாற்ற வேண்டிய தேவையே இல்லை, ஊரே ஞானஸ்நானம் வாங்கியது. அதனால்தானோ என்னவோ, ஆட்டம் ஆட்டமாகவே இருக்கிறது.

கிரிக்கெட்டை விட்டுவிட்டு மிஷனரியான பெரிய பிளேயர் யாராவது?
*– ஐ.பி.எல். பைத்தியம், பிம்ப்ளே குரவ்*

சி.டி. ஸ்டட். 1882 ஓவல் டெஸ்டில், அதாவது 'ஆஷஸ்' என்ற பேச்சே பிறந்த அந்த ஆட்டத்தில், இங்கிலாந்துக்கு ஆடியவர். 1885இல் கேம்பிரிட்ஜ் இளைஞர் ஏழு பேரில் ஒருவராகச் சீனாவுக்குப் போனார். அப்பா விட்டுப்போன சொத்தையும் கொடுத்துவிட்டார். 1900இலிருந்து 1906 வரை நம்ம ஊட்டியில் போதகர். கடைசியில் காங்கோ. இப்போது ஏலத்தில் கோடி கோடியாகப் போகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப்பார்த்து, அவர்கள் முகபாவத்தை எனக்கு எழுதுங்கள்.

ஜெமிமா ரோட்ரிக்ஸ் விவகாரத்தில் உங்கள் கட்சி எது?
*– பெண்கள் கிரிக்கெட் ரசிகை, சாங்வி*

பேட்டின் கட்சி. 2024 அக்டோபரில் மும்பை கார் ஜிம்கானா அவருடைய கௌரவ உறுப்பினர் தகுதியை ரத்து செய்தது. அப்பா இவான் ரோட்ரிக்ஸ் கிளப் இடத்தில் மதக் கூட்டம் நடத்தினார், மதமாற்ற நோக்கம் என்று சில உறுப்பினர்கள் புகார். நடந்தது ஜெபக்கூட்டம், கிளப் அறிந்து விதிப்படி நடந்தது, மதமாற்றம் இல்லை என்றார் அவர். ஒரு வருஷம் கழித்து, 2025 அக்டோபர் 30, நவி மும்பையில் உலகக் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியாவின் 338ஐத் துரத்தி ஜெமிமா 127 நாட் அவுட். அழுதுகொண்டே இயேசுவுக்கு நன்றி சொன்னார். அதற்கும் ஒரு கூட்டம் திட்டித் தீர்த்தது.

சச்சின் சதமடித்ததும் வானத்தைப் பார்ப்பார். அங்கே யார் இருக்கிறார்கள் என்று யாரும் ஆதார் கேட்டதில்லை. கிளப் ஹாலை எதற்கு வாடகைக்கு விடுவது என்பது கிளப்பின் விதிப்புத்தக விஷயம். அது எல்லா மதத்துக்கும் ஒரே விதியாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்பாவின் மேல் வந்த புகாருக்கு மகளின் உறுப்பினர் அட்டையைப் பிடுங்கியது அசிங்கம்.

பிரபல வீரர்கள் பனியனில் "நான் இயேசுவுக்குச் சொந்தம்" என்று காட்டுவது சரியா?
*– ஃபுட்பால் நடுவர், ராவேத்*

நீங்கள் நடுவர், உங்களுக்கே தெரியும்: உள்பனியனில்கூட மத வாசகம், அரசியல் வாசகம் கூடாது. 2007 சாம்பியன்ஸ் லீக் ஜெயித்த அன்று காகா காட்டியது இன்றைக்கு நடக்காது. மேல்பனியனில் ஷாம்பு கம்பெனி பெயரைக் காட்டலாம்.

கிறிஸ்தவர்கள் மட்டும்தான் இப்படிச் செய்கிறார்களா? எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அப்படித்தான் எழுதுகிறார்கள்.
*– ஹவுசிங் சொசைட்டி செயலாளர், கசார்வாடி*

குரூப்பிலிருந்து எழுந்து பழைய புனேக்கு ஒரு நடை போய் வாருங்கள். தாலீம் என்ற உடற்பயிற்சிக் கூடம் ஒவ்வொன்றிலும் மல்யுத்தக் குழியைப் பார்த்தபடி மாருதி நிற்கிறார். செம்மண்ணைத் தொட்டு அவரைக் கும்பிட்டுத்தான் லங்கோட் கட்டுகிறார்கள். ஆர்.எஸ்.எஸ். ஷாகாவிலும் முதலில் கபடி, கடைசியில் பிரார்த்தனை. யாரும் தப்பென்று சொல்லவில்லை. பந்தும் பக்தியும் இந்த மண்ணில் எப்போதுமே ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவை.

இன்னொரு வேடிக்கை. ஒய்.எம்.சி.ஏ.வைப் பார்த்து 1898இல் கொழும்பில் பௌத்தர்கள் ஒய்.எம்.பி.ஏ. ஆரம்பித்தார்கள். 1914இல் சென்னையில் அன்னி பெசன்ட் ஒய்.எம்.ஐ.ஏ. ஆரம்பித்தார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே கற்பித்து, பிறகு மிஷனரிகளின் ஆயுதங்களான பள்ளிக்கூடத்தையும் அச்சுக்கூடத்தையும் அப்படியே சைவத்துக்கு எடுத்துக்கொண்டார். அந்த வெஸ்லியன் பள்ளிதான் இன்றைய மத்திய கல்லூரி. அதுவும் சி.எம்.எஸ். ஆரம்பித்த பரி. யோவான் கல்லூரியும் 1904இலிருந்து ஆடும் கிரிக்கெட்தான் 'வடக்கின் பெரும் சமர்'. இரண்டு மிஷன் பள்ளிகளின் ஆட்டத்துக்கு இரண்டு பக்கமும் மேளம் அடித்து ஆடுகிற பையன்களில் பெரும்பாலோர் சைவர்கள். போர் எல்லாவற்றையும் தின்ற ஊரில் அந்த ஆட்டம் தப்பிப் பிழைத்திருக்கிறது.

மதவாரியாகவே அணி பிரித்து ஆடிய காலம் உண்டாமே?
*– சரித்திர மாணவி, ஆகுர்டி*

உண்டு. பம்பாயில் இந்து, முஸ்லிம், பார்சி, ஐரோப்பியர், கடைசியாக 1937இல் சேர்ந்த 'மிச்சம் பேர்'. நம்ம இந்தியக் கிறிஸ்தவர்கள் அந்த மிச்சத்தில்தான். 1943 இறுதி ஆட்டத்தில் இந்துக்கள் 581. மிச்சம் பேர் இரண்டாம் இன்னிங்ஸில் 387. அதில் சாங்லி கிறிஸ்தவரான விஜய் ஹசாரே ஒருவரே 309! சகோதரர் விவேக்கோடு 300 ரன் கூட்டு, விவேக்கின் பங்கு 21. அப்படியும் இன்னிங்ஸ் தோல்வி. 1946இல் அந்தப் போட்டியையே மூடினார்கள். அன்று இந்துக்களுக்கு 250 அடித்த விஜய் மெர்ச்சன்டும் ஹசாரேவும் அந்த வருஷமே இந்தியாவுக்காக ஒரே அணியில் இங்கிலாந்தில் ஆடினார்கள்.

கேம்பில் கதை சொல்வது சட்டப்படி குற்றமா?
*– வக்கீல் குமாஸ்தா, சிவாஜிநகர்*

உங்கள் ஐயாவிடம் கேட்டால் ஃபீஸ் ஆகும் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அரசியல் சாசனம் 25ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை என்பது அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அரசு நிதி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமில்லாமல் சிறுவரை மதபோதனைக்கு உட்காரவைக்க முடியாது, 28ஆம் பிரிவு. ஆக, கதை சொல்லலாம். பூட்ஸைக் காட்டிப் பேரம் பேசக்கூடாது. தமிழ்நாட்டில் 2002இல் ஒரு மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004 தேர்தலில் அடி வாங்கியதும் கொண்டுவந்த ஜெயலலிதாவே வாபஸ் வாங்கினார் என்பது கூடுதல் தகவல், குமாஸ்தாக்களுக்கு இலவசம்.

நானே அந்த கேம்பை நடத்தும் பிரதர்களில் ஒருவன். எங்களுக்குள் வஞ்சகம் இல்லை. ஆனாலும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். என்ன செய்ய வேண்டும்?
*– விளையாட்டு ஊழியர், பெயர் வேண்டாம், கசார்வாடி*

நேரே எழுதியதற்கே பாதி மார்க் போட்டுவிட்டேன்.

நோட்டீஸை தமிழ், மராத்தி, இந்தி மூன்றிலும் அடியுங்கள். கதை நேரத்தைத் தேதி நேரத்தோடு போடுங்கள். கதையை ஆட்டத்துக்கு நடுவில் வைக்காதீர்கள், ஆட்டம் முடிந்த பிறகு வையுங்கள். வீட்டுக்குப் போகிறவன் போகட்டும், பிஸ்கட்டை கதைக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். பெற்றோர் கையெழுத்தில்லாமல் ஒரு பிள்ளையையும் சேர்க்காதீர்கள். பெண் பிள்ளைகள் இருந்தால் பெண் கோச் கட்டாயம். உங்களில் இரண்டு பேராவது முறையான கோச்சிங் லைசென்ஸ் எடுங்கள். ஆர்வம் மட்டும் இருந்தால் பிள்ளையின் முழங்கால் போய்விடும்.

கடைசியாக, வலிக்கிற இடம். பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து போட்டோ எடுத்து நன்கொடையாளர்களுக்கு அனுப்புகிறீர்களா? கீழே "இத்தனை ஆத்துமாக்கள்" என்று எண் போடுகிறீர்களா? ஆத்தும ஆதாயக் கணக்குதான் உங்கள் மேல் விழும் சந்தேகத்தின் தாய். எதிர்வீட்டு முருக பக்தரின் பிள்ளை அந்தக் கணக்கில் ஒரு எண்ணாக ஏறியது தெரிந்தால், அவர் பந்தையும் நம்பமாட்டார், உங்களையும் நம்பமாட்டார். அறிக்கையில் எத்தனை பிள்ளைகள் இடது காலால் பாஸ் பண்ணக் கற்றார்கள் என்று எழுதுங்கள். பணம் குறையும். குறைந்தால் பனியனை நிறுத்துங்கள், பந்து இருந்தால் போதும்.

போப்பாண்டவரிடம் கிரிக்கெட் டீம் இருக்கிறதாமே, ரீல் விடாதீர்கள்!
*– வாடா பாவ் கடைக்காரர், கசார்வாடி ஸ்டேஷன்*

ரீல் இல்லை. செயின்ட் பீட்டர்ஸ் கிரிக்கெட் கிளப், ரோமில் படிக்கும் குருமாணவர்களும் குருக்களும். பெரும்பாலும் நம்ம இந்தியா, பக்கத்துப் பாகிஸ்தான், இலங்கைப் பையன்கள்தான், இத்தாலிக்காரருக்கு எல்.பி.டபிள்யூ. விளக்குவதற்குள் உயிர்த்தெழுதல் நாளே வந்துவிடும். 2014இல் கான்டர்பரிக்குப் போய் இங்கிலாந்துச் சபை அணியோடு ஆடினார்கள். 1534இல் எட்டாம் ஹென்றி பிரித்துக்கொண்டு போன சபையோடு 480 வருஷம் கழித்து ஒரு ஆட்டம். தோற்றார்கள். டீ இடைவேளை எல்லாம் சுமுகமாகத்தான் நடந்தது.